கருத்துக் கேட்பு கூட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி கத்துக்க வேண்டிய இங்கிலீஷ் வார்த்தைகள்

சில வருஷம் முன்னாடி ஒரு கடலோர ஊர்ல ஜெட்டி, அதாவது கப்பல் நிறுத்துற துறை, கட்டுறதுக்கான கருத்துக் கேட்பு கூட்டம், நானும் போயிருந்தேன். வயசான மீனவர் ஒருத்தர் மைக்கைப் பிடிச்சு, இது வந்தா நாங்க கரைவலை இழுக்குற இடம் போயிரும், இறால் குஞ்சு ஒதுங்குற முகத்துவாரத்தை மண்ணு அடைச்சிரும், ஐப்பசி கார்த்திகைல வர்ற வெள்ளம் கடலுக்கு வடிய வழியில்லாம ஊருக்குள்ள ஏறும்னு மூணு விஷயத்தையும் அவ்ளோ தெளிவா பேசினாரு, கூட்டமே கை தட்டுச்சு. அப்புறம் மினிட்ஸ், அதாவது கூட்டத்துல நடந்ததோட பதிவு, வந்துச்சு, இங்கிலீஷ்ல. அவர் பேசினது மொத்தமும் "லைவ்லிஹூட் கன்சர்ன்ஸ் வேர் ரெய்ஸ்டு", பிழைப்பு பத்தி கவலை சொன்னாங்கன்னு ஒரே வரில முடிஞ்சிருந்துச்சு, பக்கத்துக் கட்டத்துல கம்பெனியோட பதில் "நோட்டட்", அதாவது குறிச்சுக்கிட்டோம். அன்னைக்கு வந்த கோவம் எனக்கு இன்னும் போகல, இதை எழுதுறதும் அதனாலதான்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். கூட்டத்துல தமிழ்ல பேசுறது உங்க உரிமை, இங்கிலீஷ்ல பேசுங்கன்னு நான் சொல்லவே இல்ல. ஆனா ஈஐஏங்கறது ஒரு திட்டத்தால சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும்னு கணக்குப் போடுற ரிப்போர்ட், அதுக்காக 2006 செப்டம்பர் 14ல வந்த நோட்டிஃபிகேஷன் படி தமிழ்ல குடுக்குறது ரிப்போர்ட்டோட எக்ஸிக்யூட்டிவ் சம்மரி மட்டும்தான், நூத்துக்கணக்கான பக்கம் இருக்குற முழு ரிப்போர்ட்டும் இங்கிலீஷ்லதான் இருக்கும், அதைப் பரிசீலிக்கிற எக்ஸ்பர்ட் கமிட்டி பேசுறதும் இங்கிலீஷ், பசுமைத் தீர்ப்பாயத்துல வாதம் நடக்குறதும் இங்கிலீஷ். 2020ல புது ஈஐஏ வரைவு வந்தப்போ அதை இங்கிலீஷ்லயும் இந்திலயும் மட்டும் போட்டாங்க, டெல்லி ஹைகோர்ட் ஜூன் 30 அன்னைக்கு 22 மொழிலயும் மொழிபெயர்க்கணும்னு உத்தரவு போட்டுச்சு, மொழிக்காகவே கோர்ட்டுக்குப் போக வேண்டிய நிலைமைதான் அது. அதனால நான் சொல்ற வழி இதுதான்: பேச்சு முழுக்க தமிழ்லயே இருக்கட்டும், ஒவ்வொரு பாயிண்ட்லயும் சட்டத்துல இடம் பிடிச்ச ஒரு இங்கிலீஷ் வார்த்தையை ஆணி அடிச்ச மாதிரி வச்சுடுங்க. "பாதிப்பு வரும்"னு சொன்னா எழுதுறவங்க கன்சர்ன்னு எழுதிட்டுப் போயிடலாம், "க்யுமுலேட்டிவ் இம்பாக்ட் ஸ்டடி பண்ணலை"ன்னு சொன்னா அதை அப்படியேதான் எழுதியாகணும், வேற எப்படியும் சுருக்க முடியாது.

க்ளியரன்ஸ் வேற, கன்சென்ட் வேற

நிறைய பேர் எல்லாத்தையும் என்ஓசின்னு சொல்லிடுறாங்க. கம்பெனி ஆளுங்க "எல்லா அப்ரூவலும் வாங்கியாச்சு"ன்னு சொல்லும்போது நாமளும் நம்பிடுறோம். எந்த அப்ரூவல்னு கேக்கணும்னா முதல்ல இதைப் பிரிச்சுத் தெரிஞ்சுக்கணும். என்விரான்மென்டல் க்ளியரன்ஸ் அப்படிங்கறது 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ வர்றது, பெரிய ப்ராஜெக்ட்டா இருந்தா, அதாவது கேட்டகரி ஏ, டெல்லில இருக்குற மத்திய அமைச்சகம் குடுக்கும், கேட்டகரி பி-ன்னா மாநில அளவுல இருக்குற மதிப்பீட்டு ஆணையம், சுருக்கமா சியா, குடுக்கும். கன்சென்ட் அப்படிங்கறது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குடுக்குறது, 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் ரெண்டும்தான் அதுக்கு அடிப்படை, அதுலயும் ரெண்டு உண்டு, கட்ட ஆரம்பிக்கிறதுக்கு கன்சென்ட் டு எஸ்டாப்ளிஷ், ஓட்ட ஆரம்பிக்கிறதுக்கு கன்சென்ட் டு ஆபரேட். காட்டு நிலம் வேணும்னா ஃபாரஸ்ட் க்ளியரன்ஸ் தனி, அதுல ஸ்டேஜ் ஒன் கிடைச்சா அதுக்குப் பேரு இன்-ப்ரின்சிபிள் அப்ரூவல், அதாவது கொள்கை அளவுல சரின்னு சொல்றது, ஸ்டேஜ் டூ வந்தாதான் முடிவானது. இன்-ப்ரின்சிபிள்னு ஒரு பேப்பரைக் காட்டி மரம் வெட்ட வந்தா "ஈஸ் திஸ் ஸ்டேஜ் ஒன் ஆர் ஸ்டேஜ் டூ?"ன்னு கேளுங்க, அந்த ஒரு கேள்விக்கே எதிர்ல இருக்கறவங்க பேசுற விதம் மாறிடும், நான் கண்ணால பாத்துருக்கேன்.

திட்டத்தைக் கொண்டு வர்றவங்களை இங்கிலீஷ்ல ப்ராஜெக்ட் ப்ரொபோனென்ட்னு சொல்லுவாங்க. ரிப்போர்ட் முழுக்க பிபின்னு சுருக்கமா வரும். ஆப்போனென்ட்னு மாத்திச் சொல்லிடாதீங்க, அது எதிர்க்கிறவங்க, அதாவது நம்ம பக்கம்.

ஈஐஏ ரிப்போர்ட்டை எந்த வார்த்தையைத் தேடிப் படிக்கணும்

முழுசா படிக்க யாராலயும் முடியாது, தேட வேண்டிய வார்த்தை தெரிஞ்சா ஒரு ராத்திரில வேலையை முடிச்சுடலாம். முதல்ல டிஓஆர், டெர்ம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ். இந்த ரிப்போர்ட்ல என்னென்ன படிக்கணும்னு கமிட்டி முன்னாடியே குடுத்த பட்டியல் அது, இந்தப் பட்டியல் போடுற கட்டத்துக்குத்தான் ஸ்கோப்பிங்னு பேரு. பட்டியலை ஒரு பக்கமும் ரிப்போர்ட்டை இன்னொரு பக்கமும் வச்சுக்கிட்டு எது விட்டுப் போச்சுன்னு பாருங்க, விட்டுப் போனதை "நாட் அட்ரஸ்டு ஆஸ் பெர் டிஓஆர்"னு சொல்லணும். இது எதிர்ப்பு இல்ல, உணர்ச்சி இல்ல, வெறும் கணக்கு, அதனாலதான் இதைத் தள்ளிவிட முடியாது.

அடுத்தது பேஸ்லைன். திட்டம் வர்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல காத்து, தண்ணி, மண்ணு, மீன், மரம், ஆட்கள் எல்லாம் எப்படி இருந்துச்சுங்கற நிலைமைக் கணக்கு அது. இதுல நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு, வழக்கமா மழைக்காலம் இல்லாத ஒரே ஒரு சீசன்ல, அதாவது மூணு மாசம் டேட்டா எடுத்தா போதும்னு வச்சுருக்காங்க. பெரும்பாலும் மார்ச் டு மே எடுத்திருப்பாங்க. நம்ம கிழக்குக் கடற்கரைக்கு வெள்ளமே அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும்தானே வருது, கோடைல வந்து பாத்தவங்களுக்கு அந்த ஓடை வெறும் மணல் திட்டாதான் தெரிஞ்சிருக்கும், வரைபடத்துல "ட்ரை சேனல்"னு போட்டுட்டுப் போயிருப்பாங்க. அங்க நீங்க சொல்ல வேண்டிய வார்த்தை சீசனல் வேரியேஷன். "த பேஸ்லைன் டஸ் நாட் கவர் த நார்த்ஈஸ்ட் மான்சூன்"னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா கமிட்டில இருக்குற ஹைட்ராலஜிஸ்ட் ஒருத்தராவது நிமிர்ந்து பாப்பாரு.

க்யுமுலேட்டிவ் இம்பாக்ட், மேல சொன்னேனே, அது என்னன்னா ஒரே ஆத்துல ஏற்கனவே அஞ்சு கம்பெனி இருக்கு, ஆறாவதா ஒண்ணு வருது, அது தன்னோட கழிவை மட்டும் தனியா கணக்குப் போட்டு லிமிட்டுக்குள்ளதான் இருக்குன்னு சொல்லும், ஆனா ஆறு குடிக்கிறது ஆறு பேரோட கழிவையும் சேத்துத்தானே, அந்தச் சேர்ந்த கணக்கைக் கேக்குற வார்த்தைதான் இது. தனியா பாக்குறதுக்கு ஸ்டாண்ட்அலோன்னு சொல்லலாம்.

இன்னும் ஒரு வேலை பண்ணுங்க, ஒரு பென்சிலை எடுத்துக்கிட்டு நெக்லிஜிபிள், இன்சிக்னிஃபிகன்ட், மார்ஜினல், டெம்பரரி, ரிவர்சிபிள் இந்த அஞ்சும் எங்கெல்லாம் வருதோ அங்கெல்லாம் அடிக்கோடு போடுங்க. நெக்லிஜிபிள்னா கண்டுக்கத் தேவையில்லாத அளவுக்குக் கொஞ்சம், ரிவர்சிபிள்னா பழையபடி ஆக்கிடலாம். இதெல்லாம் எழுதுறவங்களோட முடிவுதான், ஒவ்வொரு முடிவுக்கும் பின்னாடி ஒரு நம்பர் இருக்கணும். நம்பர் இல்லாத இடத்துல "ஆன் வாட் பேசிஸ்?"னு கேட்டா போதும்.

வித்தின் பெர்மிசிபிள் லிமிட்ஸ், இந்த வாக்கியம் ரிப்போர்ட்ல பக்கத்துக்குப் பக்கம் வரும். இதுல ஸ்டாண்டர்டும் கைட்லைனும் வேறன்னு தெரிஞ்சுக்கோங்க. ஸ்டாண்டர்ட் சட்டப்படி கட்டுப்படுத்தும், கைட்லைன் அறிவுரை மட்டும்தான். காத்துல இருக்குற நுண்துகள் பிஎம் 2.5க்கு இந்தியாவோட 2009 ஸ்டாண்டர்ட் வருஷ சராசரி ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனத்தோட 2021 கைட்லைன் 5. ரெண்டுக்கும் நடுவுல எட்டு மடங்கு வித்தியாசம் இருக்கு. லிமிட்டுக்குள்ள இருக்குன்னா பாதுகாப்பா இருக்குன்னு அர்த்தம் ஆகிடாது, "கம்ப்ளையன்ட் ஈஸ் நாட் த சேம் ஆஸ் சேஃப்"னு சொல்லலாம். அப்புறம் காத்துல விடுறது எமிஷன், தண்ணியா விடுறது எஃப்ளுயென்ட், இதை மாத்திப் போட்டா அதையே சாக்கா வச்சு "இது எங்களுக்குப் பொருந்தாது"ன்னு ஒதுக்கிடுவாங்க. ஸ்டாக்னா புகைபோக்கி, ஆம்பியன்ட்னா நம்மளைச் சுத்தி இருக்குற, நாம மூச்சு இழுக்குற காத்து.

கன்சல்டேஷனும் ஹியரிங்கும் ஒண்ணு இல்ல. பப்ளிக் கன்சல்டேஷன் அப்படிங்கறதுல ரெண்டு பகுதி, ஒண்ணு நேர்ல நடக்குற பப்ளிக் ஹியரிங், இன்னொண்ணு எழுத்துல குடுக்குற ரிட்டன் ரெஸ்பான்ஸ். கூட்டத்துக்கு 30 நாள் முன்னாடியாவது நோட்டீஸ் குடுத்தாகணும். அன்னைக்கு போலீஸ் நெருக்கடில பேச முடியலையா, வெளியூர்ல வேலையா, எழுதி அனுப்புங்க, அதுக்கும் அதே மதிப்புதான்.

மெதுவா கொல்லுற வார்த்தைகள்

சில வார்த்தைகளைக் கேக்கும்போது மனசுக்கு ஒண்ணுமே உறுத்தாது, அதுதான் பிரச்சனையே. டைவர்ஷன்னு ஒரு வார்த்தை. ரோட்ல டைவர்ஷன் போர்டு பாத்துப் பழகின நமக்கு சுத்திப் போற வழின்னுதான் தோணும். "டைவர்ஷன் ஆஃப் ஃபாரஸ்ட் லேண்ட்"னா காட்டு நிலத்தை காடல்லாத வேலைக்கு, சுரங்கமோ ரோடோ அணையோ, கொடுத்துடுறதுன்னு அர்த்தம். ஹெக்டேர் கணக்கு பக்கத்துலயே இருக்கும், அதை ஏக்கரா மாத்திச் சொல்லுங்க, ஒரு ஹெக்டேர் கிட்டத்தட்ட ரெண்டரை ஏக்கர், ஊர்க்காரங்களுக்கு அப்பதான் மனசுல படும்.

டீநோட்டிஃபிகேஷன், ரேஷனலைசேஷன், ரெண்டும் அதே குடும்பம்தான். முன்னாடி அரசிதழ்ல அறிவிச்ச பாதுகாப்பை எடுத்துவிடுறது டீநோட்டிஃபை பண்றது, எல்லையை "ஒழுங்குபடுத்துறோம்"னு சொல்லிக் குறைக்கிறது ரேஷனலைஸ் பண்றது. 2020ல வேடந்தாங்கல்ல ஏரியைச் சுத்தி 5 கிலோமீட்டர் இருக்குற சரணாலய எல்லையை 3 கிலோமீட்டராக் குறைக்கப் பாத்தப்போ எவ்ளோ பெரிய எதிர்ப்பு வந்துச்சு. பறவை ஏரில கூடு கட்டுது, ஆனா இரை தேடுறது சுத்தி இருக்குற வயல்லயும் ஏரிலயும்தான். அந்த இரை தேடுற இடத்துக்கு ஃபோரேஜிங் ஹேபிட்டாட்னு பேரு, ஏரிக்கு மட்டும் வேலி போட்டா போதும்னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க.

வேஸ்ட்லேண்ட். இந்த வார்த்தை மேல எனக்குத் தீராத மனக்குறை உண்டு. ரிப்போர்ட்ல லேண்ட் யூஸ் டேபிள்னு ஒண்ணு இருக்கும், அதுல ஆடு மாடு மேயுற புல்வெளி, பனங்காடு, உப்பங்கழி ஓரம் எல்லாத்தையும் பேரன் லேண்ட், ஸ்க்ரப், வேஸ்ட்லேண்ட்னு போட்டுருப்பாங்க. வரி வராத நிலத்தை வேஸ்ட்னு எழுதுறது வெள்ளைக்காரன் வருவாய்க் கணக்குலேர்ந்து வர்ற பழக்கம், இன்னும் நம்மளை விட்டுப் போகல. நம்ம பக்கத்துல அதுக்கு புறம்போக்குன்னு ஒரு நல்ல வார்த்தை இருந்துச்சு, வரிக்குப் புறம்பானது, எல்லாருக்கும் பொதுவானதுன்னு அர்த்தம், மேய்ச்சல் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்குன்னு வகைவகையா. அதையே திட்டுற வார்த்தையா ஆக்கி வச்சுருக்கோம். ரெவின்யூ இங்கிலீஷ்ல போரம்போக்குன்னு அந்த வார்த்தை அப்படியே இருக்கு, தைரியமா சொல்லலாம். அதோட சேத்து காமன்ஸ்னு ஒரு வார்த்தை கத்துக்கோங்க, "தீஸ் ஆர் க்ரேசிங் காமன்ஸ், நாட் வேஸ்ட்லேண்ட்". கடலோரம்னா 2011, 2019ல வந்த சிஆர்இசட், அதாவது கடலோர ஒழுங்குமுறை மண்டல, அறிவிக்கை ரெண்டும் ரொம்ப முக்கியம், கோஸ்டல் ஸோன் மேனேஜ்மென்ட் ப்ளான், சுருக்கமா சிஇசட்எம்பி, அதுல மீனவர்களோட பொது இடங்களையும் குறிக்கணும். உங்க ஊர் வலை காயப்போடுற இடம் அந்த மேப்ல இருக்கான்னு ஒரு தடவை போய்ப் பாருங்க.

மிட்டிகேஷன்னா பாதிப்பைக் குறைக்கிறது. இதுல ஒரு வரிசை இருக்கு, மிட்டிகேஷன் ஹையராக்கின்னு சொல்லுவாங்க. முதல்ல அவாய்ட், அதாவது அந்த இடத்தையே தவிர்த்துடு, முடியலைன்னா மினிமைஸ், குறைச்சுக்கோ, அப்புறம் ரெஸ்டோர், கெட்டதை சரி பண்ணு, கடைசியாத்தான் ஆஃப்செட், வேற இடத்துல ஈடு கட்டு. நடைமுறைல முதல் மூணையும் தாண்டிக் குதிச்சு நேரா கடைசிக்குப் போயிடுறாங்க, வெட்டுற ஒரு மரத்துக்கு பத்து மரம் நடுறோம்னு சொல்றது அதுதான், அதுக்கு காம்பென்சேட்டரி அஃபாரஸ்டேஷன்னு பேரு. நூறு வருஷ சோலைக்காட்டுக்கு பதிலா எங்கயோ ஒரு தரிசுல நட்ட தேக்குக் கன்னு எப்படி ஈடாகும்? "ஹேஸ் அவாய்டன்ஸ் பீன் கன்சிடர்டு?"னு கேளுங்க, கூடவே "வேர் ஈஸ் த அனாலிசிஸ் ஆஃப் ஆல்டர்னேட்டிவ்ஸ்?"னும் கேளுங்க, வேற இடம் பாத்தீங்களாங்கற கணக்கு அது, ரிப்போர்ட்ல அதுக்குன்னு ஒரு அத்தியாயமே இருக்கணும். க்ளைமேட் பேச்சு வரும்போது மட்டும் மிட்டிகேஷன் கொஞ்சம் வேற, அங்க கார்பனைக் குறைக்கிறதுன்னு அர்த்தம், வந்த மாற்றத்துக்கு ஏத்த மாதிரி நம்மளை மாத்திக்கிறது அடாப்டேஷன்.

காடு, சரணாலயம், உயிரினம்

ஃபாரஸ்ட்னா காடு, இதுல கத்துக்க என்ன இருக்குன்னு தோணும். ஆனா இந்தியாவுல ரொம்ப நீளமா நடக்குற சுற்றுச்சூழல் வழக்குகள்ல ஒண்ணு இந்த ஒரு வார்த்தையைச் சுத்திதான் நடக்குது. நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாட் 1995ல கூடலூர் பக்கம் மரம் வெட்டுறதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் போனாரு, 1996 டிசம்பர் 12ல கோர்ட் சொல்லுச்சு, அரசாங்க ரெக்கார்டுல காடுன்னு இருந்தாதான் காடுன்னு இல்ல, அகராதில ஃபாரஸ்ட்னா என்ன அர்த்தமோ அந்த அர்த்தத்துல எது காடோ அது எல்லாத்துக்கும் 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும், யாரோட நிலமா இருந்தாலும் சரி. டிக்‌ஷனரி மீனிங்னு வக்கீலுங்க சொல்றது இதைத்தான். 2023ல சட்டத்தைத் திருத்தி ரெக்கார்டுல இருக்குற காடுன்னு சுருக்கப் பாத்தாங்க, 2024 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் இடைக்கால உத்தரவு போட்டு, பழைய அகராதி அர்த்தத்தையே இப்போதைக்கு வச்சுக்கோங்கன்னு சொல்லுச்சு. ரெக்கார்டுல ஏறாத காட்டுக்கு டீம்டு ஃபாரஸ்ட்னு சொல்லுவாங்க.

ப்ரொடெக்டட் ஏரியான்னா சரணாலயம், தேசியப் பூங்கா மாதிரி 1972 வனவிலங்குச் சட்டத்துல வர்ற இடங்கள். ப்ரொடெக்டட் ஃபாரஸ்ட் அப்படிங்கறது அது இல்ல, 1927 இந்திய வனச் சட்டத்துல வர்ற ஒரு வகை, ரிசர்வ்டு ஃபாரஸ்ட்டை விட அதுல கட்டுப்பாடு கம்மி. பேரைப் பாத்தா தலைகீழா தோணும், அதனால ரெண்டையும் கலந்துடாதீங்க. சாங்ச்சுவரில மக்களோட சில உரிமைகள் தொடரலாம், நேஷனல் பார்க்ல மேய்ச்சல் கூட கிடையாது. இது ரெண்டும் வேண்டாம், எங்க ஊரே பாத்துக்குதுன்னு சொல்ற இடங்களுக்குத்தான் கன்சர்வேஷன் ரிசர்வ், கம்யூனிட்டி ரிசர்வ். முன்னது அரசு நிலம், பின்னது தனியார் அல்லது ஊர் நிலம். நாட்டோட முதல் கன்சர்வேஷன் ரிசர்வ் நம்ம திருநெல்வேலி மாவட்டம் திருப்புடைமருதூர்தான், 2005ல, கோயிலைச் சுத்தி இருக்குற மரத்துல கூடு கட்டுற பறவைகளை அந்த ஊர் ஜனங்களே பாத்துக்கிட்டு வந்தாங்க. 2022ல பாக் விரிகுடால கடல்பசுவுக்காக 448 சதுர கிலோமீட்டர் அறிவிச்சதும் கன்சர்வேஷன் ரிசர்வ்தான், மீனவர்கள் கிட்ட பேசும்போது இந்த வார்த்தையோட அர்த்தத்தை சரியா சொல்லலைன்னா மீன்பிடியே தடையாகிடும்னு பயந்துடுவாங்க.

ப்ரிசர்வேஷன்னா தொடாம அப்படியே வைக்கிறது, கன்சர்வேஷன்னா கெடாம பாத்துப் பயன்படுத்துறது. ராம்சார் ஒப்பந்தம், 1971ல ஈரான்ல கையெழுத்தானது, அதுல சதுப்பு நிலத்துக்கு வைஸ் யூஸ்னு ஒரு அழகான வார்த்தை வச்சுருக்காங்க. பள்ளிக்கரணை 2022ல அந்தப் பட்டியல்ல சேந்துச்சு. அறிவோட பயன்படுத்துறதுன்னா மீன் பிடிக்கலாம், கோரை அறுக்கலாம், ஆனா சதுப்போட தன்மை மாறக் கூடாது. ஈகலாஜிக்கல் கேரக்டர்னு அதுக்குப் பேரு.

எண்டெமிக், எண்டேஞ்சர்டு, இந்த ரெண்டையும் பேப்பர்லயே மாத்திப் போடுறாங்க. எண்டெமிக்னா அந்த இடத்துல மட்டுமே இருக்குறது, எண்டேஞ்சர்டுன்னா அழியுற ஆபத்துல இருக்குறது. நீலகிரி வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலைல மட்டும்தான் இருக்கு, ஆபத்துலயும் இருக்கு, அதனால அது ரெண்டும். அழியுற ஆபத்துல இருக்குற உயிரினங்களுக்கு ஐயூசிஎன்னுங்கற உலக அமைப்பு போடுற பட்டியல்ல வல்நரபிள், எண்டேஞ்சர்டு, க்ரிட்டிக்கலி எண்டேஞ்சர்டு இந்த மூணையும் சேத்து த்ரெட்டன்ட்னு சொல்லுவாங்க. எக்ஸாட்டிக்னா வெளிலேர்ந்து வந்தது அவ்ளோதான், இன்வேசிவ்னா வந்து மத்ததை அழிச்சுப் பரவுறது. வேப்பமரத்துக்குக் கீழ நாம வச்ச குரோட்டன்ஸ் எக்ஸாட்டிக், கண்மாய் முழுக்க நிக்குற சீமைக்கருவேலம் இன்வேசிவ்.

கோர்ட் வாசல்ல கேக்குற வார்த்தைகள்

ப்ரிகாஷனரி ப்ரின்சிபிள்னா கெடுதல் உறுதியாத் தெரியுற வரைக்கும் காத்திருக்காம முன்னாடியே தடுக்கணும்ங்கறது, பொல்யூட்டர் பேஸ்னா கெடுத்தவங்களே செலவைக் கட்டணும்ங்கறது, இந்த ரெண்டையும் நம்ம சட்டத்துக்குள்ள உறுதியா கொண்டு வந்ததே பாலாத்து ஜனங்கதான், 1996 ஆகஸ்ட் 28, வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கு. தோல் பதனிடுற ஆலைகளோட கழிவு ஆத்தையும் கிணத்தையும் நிலத்தையும் கெடுத்துச்சு, அஞ்சு மாவட்டத்துல இருந்த 900 சொச்சம் ஆலைகளுக்கு தலா 10,000 ரூபா அபராதம் போட்டாங்க. தீர்ப்புல இருக்குற பெரிய விஷயம் அபராதம் இல்ல, ஆனஸ். பாதிப்பு வராதுன்னு நிரூபிக்கிற பொறுப்பு தொழில் நடத்துறவர் மேலதான், பாதிப்பு வரும்னு நிரூபிக்க வேண்டியது ஜனங்க இல்ல. "உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?"ன்னு கூட்டத்துல யாராவது மடக்கினா பதட்டமே படாம "த ஆனஸ் ஈஸ் ஆன் த ப்ரொபோனென்ட், வேலூர் ஜட்ஜ்மென்ட்"னு சொல்லிட்டு உக்காருங்க. 2010 என்ஜிடி, அதாவது தேசிய பசுமைத் தீர்ப்பாய, சட்டத்தோட 20வது பிரிவுலயும் இந்தக் கொள்கைகளை எழுதி வச்சுட்டாங்க.

ஷல், மே. க்ளியரன்ஸ் லெட்டர்ல ஷல்னு இருந்தா கட்டாயம், மேன்னு இருந்தா விருப்பம், எண்டெவர்னா முயற்சி பண்றேன்னு சொல்றது, ஆஸ் ஃபார் ஆஸ் பாசிபிள்னா கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல. ஷல் வர்ற ஒவ்வொரு கண்டிஷனையும் எண்ணி எழுதிக்கோங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜூன் 1, டிசம்பர் 1, கண்டிஷனைக் கடைப்பிடிக்கிறோமான்னு சொல்ற கம்ப்ளையன்ஸ் ரிப்போர்ட்டை கம்பெனி குடுத்தாகணும், அது எல்லாரும் பாக்கக்கூடிய ஆவணம். அதுல "பீயிங் கம்ப்ளைடு", "அக்ரீட் டு கம்ப்ளை" மாதிரி இருந்தா இன்னும் பண்ணலைன்னு அர்த்தம்.

வயலேஷன்னா அனுமதி இல்லாமலே ஆரம்பிச்சது, நான்-கம்ப்ளையன்ஸ்னா அனுமதி வாங்கிட்டு கண்டிஷனை மீறுனது. வேலையை முடிச்சுட்டு அப்புறமா வாங்குற அனுமதிக்கு எக்ஸ் போஸ்ட் ஃபேக்டோ க்ளியரன்ஸ்னு பேரு, 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் அது கூடாதுன்னு சொல்லுச்சு, அதே வருஷம் நவம்பர்ல மூணு பேர் பெஞ்ச் ரெண்டுக்கு ஒண்ணுன்னு அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுச்சு. அதனால "எக்ஸ் போஸ்ட் ஃபேக்டோ எல்லாம் கோர்ட்டே தடை பண்ணிடுச்சு"ன்னு பழைய செய்தியை வச்சுப் பேசிடாதீங்க, எதிர்த் தரப்பு வக்கீல் அங்கயே மடக்கிடுவாரு.

தீர்ப்பாயத்துல டிஸ்போஸ்டுன்னு வந்தா தோத்துட்டோம்னு நினைச்சு அழுதவங்களைப் பாத்துருக்கேன். டிஸ்மிஸ்டுன்னாதான் தள்ளுபடி. டிஸ்போஸ்டுன்னா வழக்கு முடிஞ்சுதுன்னு மட்டும்தான், உள்ள நமக்கு சாதகமா உத்தரவு இருக்கலாம், முழுசா படிங்க. செட் அசைட்னா ரத்து, ரிமாண்ட்னா மறுபடி பரிசீலிக்க திருப்பி அனுப்புறது, அபேயன்ஸ்னா தற்காலிகமா நிறுத்தி வைக்கிறது. க்ளியரன்ஸை எதிர்த்து அப்பீல் போக 30 நாள், சரியான காரணம் இருந்தா மேல 60 நாள், அதுக்கு அப்புறம் கதவு மூடிடும். லிமிட்டேஷன்னு சொல்றது இந்தக் கெடுவைத்தான். இந்த ஒரு வார்த்தை தெரியாததால நல்ல வழக்கெல்லாம் வீணாப் போயிருக்கு.

ஒரு வார்த்தைல பிடிவாதமா நிக்கிறதுன்னா என்னன்னு மதுரை மாவட்டத்து அரிட்டாப்பட்டியைப் பாத்துக் கத்துக்கலாம். 2022 நவம்பர்ல அதை பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் சைட்டா, அதாவது பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க, தமிழ்நாட்டுல முதல் இடம். 2024 நவம்பர்ல அதையும் உள்ளடக்கின டங்ஸ்டன் சுரங்க ஏலத்தோட முடிவு வந்துச்சு. எதிர்ப்பு கிளம்பினதும் டிசம்பர்ல மத்திய அரசு, ஹெரிடேஜ் சைட்டை விட்டுட்டு எல்லையை மறுபடி பாக்கலாம்னு சொன்னாங்க. பாக்க விட்டுக்குடுத்த மாதிரி இருந்துச்சு, ஆனா மேலூர் பக்கத்து ஜனங்க அதை ஏத்துக்கல, முழுசா ரத்து பண்ணுங்கன்னு ஜனவரில மதுரைக்கு நடந்தே போனாங்க. 2025 ஜனவரி 23ல வந்த அறிவிப்புல இருந்த இங்கிலீஷ் வார்த்தை அனல் (annul). ரிவ்யூ, ரீட்ராயிங் பவுண்டரீஸ், ஆன் ஹோல்டு எதுவும் அனலுக்கு ஈடாகாது, அனல்னா அந்த ஏலமே செல்லாது.

எப்படிப் பழகுறது

வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் பண்ணாதீங்க, ரெண்டு நாள்ல மறந்துடும். உங்க மாவட்டத்துல வர்ற ஏதாவது ஒரு ப்ராஜெக்ட்டோட தமிழ் சம்மரியையும் இங்கிலீஷ் சம்மரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு தினம் ஒரு பக்கம் படிங்க. இங்கிலீஷ்ல "மே ரிசல்ட் இன் லாஸ் ஆஃப் ஹேபிட்டாட்"னு இருக்குறது தமிழ்ல "சிறு மாற்றங்கள் ஏற்படக்கூடும்"னு ஆகியிருக்கா பாருங்க, இப்படி ஒரு இடம் சிக்கினாலே அது ஒரு பாயிண்ட். க்ளியரன்ஸ் விண்ணப்பங்களுக்காக மத்திய அமைச்சகம் நடத்துற பரிவேஷ் இணையதளத்துல கமிட்டி மினிட்ஸ் எல்லாம் இருக்கு, அதுல ரெக்கமெண்டட், டிஃபர்டு, ரிட்டர்ன்டு இந்த மூணும் எப்படி வருதுன்னு பத்து மினிட்ஸ் படிச்சா பழகிடும், டிஃபர்டுன்னா தள்ளி வச்சது, மறுபடி வரும், கண்ணு வச்சுக்கிட்டே இருக்கணும். உச்சரிப்பு சரியா இல்லையேன்னு கவலைப்படாதீங்க, யாரும் அதுக்கு மார்க் போட மாட்டாங்க.

அந்த மீனவர் பேசின மூணையும் நான் அப்புறம் வீட்ல உக்காந்து எழுதிப் பாத்தேன். அவர் சொன்னதுல ஒரு விஷயத்தைக் கூட மாத்தல, ஆணியை மட்டும் அடிச்சேன். கரைவலை இழுக்குற இடம் போயிரும், இது எங்க கஸ்டமரி ஃபிஷிங் காமன்ஸ், சிஇசட்எம்பி மேப்ல குறிக்காம விட்டுருக்கீங்க. இறால் குஞ்சு ஒதுங்குற முகத்துவாரம் அடைஞ்சுரும், இது நர்சரி ஹேபிட்டாட், டைடல் எக்ஸ்சேஞ்ச், அதாவது கடல் தண்ணி உள்ள வந்து போறது, நின்னா என்ன ஆகும்னு ஸ்டடி எங்க. வெள்ளம் வடியாது, பேஸ்லைன்ல நார்த்ஈஸ்ட் மான்சூன் டேட்டாவே இல்ல, ஃப்ளட் ட்ரெயினேஜ் ஸ்டடி கேக்குறோம். இதே மூணு வரியை தமிழ்லயே சொல்லி, சொல்லும்போதே பேப்பர்லயும் குடுத்து, குடுத்ததுக்கு அக்னாலெட்ஜ்மென்ட் கையெழுத்து வாங்கியிருந்தா "நோட்டட்"னு ஒத்தை வார்த்தைல முடிச்சிருக்க முடியாது.

கூட்டம் முடிஞ்சதும் கிளம்பிடாதீங்க, பசிக்கும், பஸ்ஸுக்கு நேரமாகும், இருந்தாலும் இருங்க. பேசினதோட சுருக்கத்தை கூட்டத்துல எல்லாருக்கும் கேக்குற மாதிரி உள்ளூர் மொழில படிச்சுக் காட்டின பிறகுதான் கலெக்டரோ அவரோட பிரதிநிதியோ கையெழுத்துப் போடணும், விதிலயே இருக்கு. அப்போ உங்க பாயிண்ட் இல்லைன்னா கையைத் தூக்கி எழுந்து நின்னு, "மை அப்ஜெக்‌ஷன் ஈஸ் மிஸ்ஸிங், ப்ளீஸ் ரெக்கார்ட் இட் பிஃபோர் சைனிங்"னு சொல்லுங்க. கன்சர்ன்னு எழுதியிருந்தா அப்ஜெக்‌ஷன்னு மாத்தச் சொல்லுங்க. வீடியோ ஓடிக்கிட்டு இருக்கும், அந்தக் கேமராவைப் பாத்து உங்க ஊர் பேரையும் சேத்துச் சொல்லுங்க.